புதிய எஸ்.எஸ்.டி. எதற்கு?

பிள்ளையின் படிப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய கம்ப்யூட்டர் ஆமையாய் நகர்கிறதா? "எஸ்.எஸ்.டி. போய்விட்டது, புதிது போடு" என்பார் கடைக்காரர். உடனே நம்பிவிடலாகாது என்கிறோம் நாம்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு கிடையாது; சில்லுகள்தான். எழுதியதன் மேலேயே அதில் எழுத முடியாது. ஒரு பெரிய பகுதியை முழுக்க அழித்த பிறகே புதிதாக எழுதலாம். இடமில்லையேல், உள்ளதை மாற்றி மாற்றி வைப்பதிலேயே அதன் நேரம் போகிறது. மூட்டை அடைத்த களத்தில் கதிரடிக்க முடியுமா? ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடுங்கள்.

அழித்த கோப்பு எதுவெனச் சில்லுக்குச் சொல்லும் 'ட்ரிம்' ஏற்பாடு, 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதலே உண்டு, அதை நிறுத்தாதீர்கள். பழைய தட்டுக்குச் செய்த 'டீஃப்ராக்' இதற்கு வீண் தேய்மானம். அதற்குக் காசு கேட்டால், உஷார்!