முதலூர்ப் பக்கம் ஒரு கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் என்றால் வணிக வளாகத்துப் பிளாஸ்டிக் மரமும் பஞ்சுப் பனியும்தான் என்று பழகிவிட்ட நகரவாசிகள், சாத்தான்குளம் பக்கத்து நண்பர் யாருடனாவது ஒருமுறை அவர் ஊருக்குப் போய்வர வேண்டும்.

1799-இல் டேவிட் சுந்தரானந்தம் உபதேசியாரின் முயற்சியில் உருவான முதலூர் இங்கேதான் இருக்கிறது. பனைமரங்கள் சூழ்ந்த இந்த ஊர்களில் பண்டிகை ஊருக்கே பொது. டிசம்பர் இரவுகளில் பாடகர் குழு வீடு வீடாக வரும். ஆர்மோனியச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே விளக்குகள் எரியும். தூக்கம் கலையாத பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருவார்கள். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்தவக் கீர்த்தனைகளைக் கர்நாடக ராகங்களிலேயே பாடிவைத்துப் போனார். அதனால் வேற்று மத நண்பருக்கும் அந்தப் பாட்டு அந்நியமாகப் படாது. தாளம் போடத் தெரிந்தால் போதும், அவரையும் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள்.

பிறகு பலகாரத் தட்டு. பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்து உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு. முதலூருக்கே பேர் வாங்கித் தந்த மஸ்கோத் அல்வாவில் நெய்யே கிடையாது. தேங்காய்ப்பாலிலேயே எண்ணெய் பிரியும்வரை கை ஓயாமல் கிண்டுவார்கள்.

பாடகர் குழுவுக்குப் பதிலாக வண்டியில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போடுவது சரியான மாற்று அல்ல. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் பாட்டியின் கதவை ஒலிபெருக்கி தட்டாது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் 24-ஆம் தேதி ராத்திரி பஸ் ஏறாமல், நான்கு நாள் முன்னதாகவே நண்பர்களோடு ஊர் போய்ச் சேரட்டும். பாடக் குரல்கள் தேவைப்படுகின்றன.