நஞ்சு நீக்கும் நொதியங்களும் ஊர்த் தூளும்

எம்மவர் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால், "உடம்பிலுள்ள நஞ்சை எடுக்கும்" என்று சொல்லி ஊரிலிருந்து மூலிகைத் தூள் எடுப்பித்துக் கொடுக்கிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் கீமோதெரபி நடக்கும்போது இது ஏற்றதல்ல என்பதே எமது கருத்து.

கீமோ மருந்தே ஒருவகை நஞ்சு. நஞ்சு நீக்கும் நொதியங்களுக்கு எது மருந்து, எது நஞ்சு என்ற பேதம் தெரியாது. குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்பரேஸ் என்ற நொதியம் மெல்பலான் போன்ற மருந்துகளோடு குளூட்டாதயோனை இணைத்து, அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. பல புற்றுநோய்க் கலங்களில் இது அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. முதலில் கேட்ட மருந்து பிறகு கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நொதியங்களைக் குறை சொல்லவும் முடியாது. எலும்பு மச்சையின் மூலக் கலங்களைச் சைக்ளோபொஸ்பமைட்டிடமிருந்து காப்பாற்றுவதும் இப்படியான ஒரு நொதியம்தான்.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்கிறீர்களா? மனச்சோர்வுக்கு இங்கு பலர் எடுக்கும் சென். ஜோன்ஸ் வோர்ட், ஈரலின் நொதியங்களைத் தூண்டிவிடும். அதை இரினோடெக்கானுடன் எடுத்தபோது, இரத்தத்தில் அம்மருந்தின் செயற்படு வடிவம் 42 வீதம் குறைந்ததாக 2002இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று காட்டியது. ஆராயப்பட்டவர்கள் 5 பேர் மட்டுமே. ஆனாலும் எமது தூள்களில் எத்தனை இந்த அளவுக்கேனும் சோதிக்கப்பட்டிருக்கின்றன?

வைத்தியர் ஏசுவார் என்று மறைக்க வேண்டாம். அடுத்த தடவை போகும்போது போத்தலையே கொண்டுபோய்க் காட்டுங்கள். லேபல் தமிழில் மட்டும் இருந்தால், அதிலுள்ள சரக்குகளின் பெயர்களைப் பிள்ளைகளைக் கொண்டு முதலே எழுதுவித்துக் கொள்ளுங்கள்.