வீட்டில் ஒரு மூலை வேண்டும்!



மூன்று மணி நேர ஒர்க் ஷாப் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் எப்படிப் போகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஃபைலையும் ஹேக்சாவையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும், வைஸைத் துடைக்க வேண்டும். சரியாக அப்போதுதான் ஒரு யோசனை வரும்: "இந்த இடத்தை இப்படி வெட்டிப் பார்த்தால் என்ன?" பெல் அடித்துவிடும். டூல்ஸோடு யோசனையும் ஸ்டோருக்குப் போய்விடும்.

"வீட்டில் செய்து பார்க்க வேண்டியதுதானே?" என்பார்கள். எங்கே செய்வது? கூடத்தில் சர்க்யூட்டைப் பரப்பினால், "சாப்பாட்டு நேரம், எடுத்து வைடா" என்று அம்மா குரல் வரும். எடுத்து வைத்ததை மறுபடி விரித்து, எந்த ஒயர் எங்கே என்று தேடுவதற்குள் ஆசையே போய்விடும். மாணவிகள் பாடு இன்னும் கஷ்டம். தையல் மெஷினுக்கு வீட்டில் இடம் உண்டு. சால்டரிங் அயனுக்கு இல்லை!

நமக்குத் திறமை இல்லாமல் இல்லை. பாதி வேலையை அப்படியே விட்டுவைக்க ஓர் இடம்தான் இல்லை என்பது என் கருத்து.

காஞ்சிபுரத்துக் குழித்தறியைப் பாருங்கள். நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். கால் குழிக்குள் மிதியை மிதிக்கும், கை நாடாவை ஓட்டும். வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ராத்திரி ஆனால் யாரும் தறியைப் பிரித்து வைப்பதில்லை. காலையில் விட்ட இழையிலிருந்தே தொடங்கலாம். வீடு சின்னதுதான், ஆனாலும் தறிக்கு அதில் நிரந்தர இடம் உண்டு.

நான் தனி அறை கேட்கவில்லை. மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு பலகை போதும். வைஸ் மாட்டினால், அதன் வாய் நாம் நிற்கும்போது முழங்கை உயரத்துக்கு வரட்டும். ஃபிட்டிங் வகுப்பில் படித்ததுதான். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால் கையின் நிழல் வேலை மேல் விழாது. சுவரில் ஒரு பிளைவுட் அடித்து, ஒவ்வொரு டூலின் உருவத்தையும் வரைந்து மாட்டினால் எது காணோம் என்று உடனே தெரியும். சால்டரிங்கை ஜன்னலோரம் வையுங்கள், புகையை மூச்சில் இழுக்காதீர்கள். ஈயம் கலந்த சால்டரைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. ஸ்விட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

"எங்கள் வீடே ஒரே அறை, இதில் மூலைக்கு எங்கே போவது?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. அப்படியானால் விளிம்பு வைத்த ஒரு தட்டுப் பலகை செய்யுங்கள். அயன் ஆறியபின், வேலையைக் கலைக்காமல் பலகையோடு கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். ஹாஸ்டலுக்கும் இதுவே வழி.

நம் மாணவர் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். முடியாத ஜாப்களைப் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போக, ஒவ்வொரு துறையிலும் ஓர் அலமாரி கேட்டு வாங்கித் தாருங்கள். பெரிய செலவு ஒன்றுமில்லை.

முடித்த வேலைக்கு மார்க் போட ஆள் இருக்கிறார்கள். முடியாத வேலைக்கு இடம் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அந்த இடத்தை முதலில் நாமே ஒதுக்கிக்கொள்வோம், நண்பர்களே!