‘கர்த்தர் சொன்னார்’ என்பதற்கு முன்

நம் திருச்சபைகளில் மிகுதியாகப் புழங்கும் வாக்கியங்களுள் ஒன்று ‘கர்த்தர் என்னோடு பேசினார்’ என்பது. கிடைத்த வேலையை ஏற்பதா, ஆய்வைத் தொடர்வதா, இன்னாரை மணப்பதா, ஊருக்குத் திரும்புவதா என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை பெரும்பாலும் இந்த வடிவிலேயே வந்து சேர்கிறது. வந்து சேர்ந்ததும் உரையாடல் நின்றுவிடுகிறது. அதன்பின் ‘ஏன்?’ என்று கேட்பவர் நண்பரின் முடிவை விசாரிப்பவராகக் கருதப்படுவதில்லை, கடவுளையே எதிர்ப்பவராகிவிடுகிறார். ஆவிக்குரிய முடிவுகளில் நாம் தடுமாறுவதற்கு விசுவாசக் குறைவைவிட இந்த வாக்கியத்தைக் கையாளும் முறையே பெரிய காரணம் என்று கருதுகிறேன். மொழியியல் பயின்றவன் என்ற முறையிலும் விசுவாசி என்ற முறையிலும் இதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

‘மழை பெய்கிறது’, ‘மழை பெய்கிறதாம்’, ‘மழை பெய்திருக்கிறது போலும்’ என்னும் மூன்று வாக்கியங்களையும் எடுத்துக்கொள்வோம். முதலாமவர் மழையைக் கண்டிருக்கிறார். இரண்டாமவர் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். மூன்றாமவர் நனைந்த முற்றத்தைப் பார்த்து ஊகித்திருக்கிறார். ஒரு செய்தியைச் சொல்லும்போதே அதை அறிந்த வழியையும் சேர்த்துச் சுட்டும் இவ்வமைப்பை மொழியியலார் ‘எவிடென்ஷியாலிட்டி’ என்பர். நம் நாட்டின் லடாக்கி மொழியில் இது இன்னும் கூர்மையானது: கண்ணால் கண்டதற்கு ஒரு துணைவினை, செவி முதலான பிற புலன்களால் உணர்ந்ததற்கு வேறொரு துணைவினை. ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்கு அங்கே வினைச்சொல்லே பாதி விடை சொல்லிவிடுகிறது.

‘கர்த்தர் பேசினார்’ என்ற வினைமுற்றில் இந்த விடை இல்லை. அதற்குப் பின்னால் இருப்பது என்னவாகவும் இருக்கலாம். காலையில் வாசித்த வசனம் தன் நிலைமைக்குப் பொருந்தியிருக்கலாம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கையில் வந்த வாக்குத்தத்த அட்டையாக இருக்கலாம். ஒரு மூத்தவரின் ஜெபத்தில் விழுந்த சொல்லாகவோ, ஒரு கனவாகவோ, பல நாள் கலக்கத்துக்குப்பின் மனத்தில் இறங்கிய அமைதியாகவோ இருக்கலாம். இவற்றுள் எதையும் நான் இகழவில்லை; கடவுள் இவை எதன் வழியாகவும் பேச வல்லவர். ஆனால் இவை ஒன்றுக்கொன்று சமமான சான்றுகள் அல்ல. எல்லாவற்றையும் ஒரே வினைமுற்றுக்குள் அடைக்கும்போது, கேட்பவருக்கு மட்டுமன்றிச் சொல்பவருக்கும் தாம் அறிந்த வழி மறந்துபோகிறது. ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்று தொடங்கியது சில வாரங்களில் ‘கர்த்தர் சொன்னார்’ என்று இறுகிவிடுகிறது.

இதை நவீனக் கல்வியின் ஐயப்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. வேதாகமத்துக்குள்ளேயே எழுப்பப்பட்ட ஐயம் இது. எரேமியா 23ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். பிறரிடமிருந்து வாக்குகளைத் திருடிக்கொண்டு, தங்கள் நாவினால் ‘அவர் சொல்கிறார்’ என்று உரைக்கும் தீர்க்கதரிசிகளுக்கு விரோதமாக அங்கே கடவுள் பேசுகிறார். இறைவாக்குகளுக்கு முத்திரையாக வரும் ‘நெயும்’ என்ற எபிரெயச் சொல் பழைய ஏற்பாடு முழுவதும் பெயர்ச்சொல்லாகவே பயில்கிறது. இந்த ஓரிடத்தில் மட்டும் அதே வேரிலிருந்து ஒரு வினை பிறந்து போலித் தீர்க்கதரிசிகள்மேல் ஏறுகிறது. தமிழில் சொல்வதானால், முத்திரையைக் கையில் எடுத்துத் தாங்களே குத்திக்கொள்கிறார்கள். குற்றச்சாட்டு செய்தியின்மேல் மட்டுமன்று, செய்திக்கு அவர்கள் போட்ட கையொப்பத்தின்மேலும்தான்.

அதே எரேமியா தனக்கு வந்த வாக்கை எப்படிக் கையாண்டார் என்பதை 32ஆம் அதிகாரம் காட்டுகிறது. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். உறவினன் அனாமெயேல் வந்து ஆனதோத்தூர் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்வான் என்று அவருக்கு வார்த்தை உண்டாகிறது. பிறகு அவன் உண்மையாகவே வந்து கேட்கிறான். அப்பொழுதுதான், அது கர்த்தருடைய வார்த்தை என்று தாம் அறிந்துகொண்டதாக எரேமியா குறிப்பிடுகிறார். தீர்க்கதரிசியாகப் பல்லாண்டு ஊழியம் செய்தவருக்கும், கேட்டதற்கும் அறிந்ததற்கும் இடையே ஓர் இடைவெளி இருந்திருக்கிறது. அதை மறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அறிந்தபின்னும் அவர் செய்தவற்றைப் பாருங்கள். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகளை அழைக்கிறார், கிரயப்பத்திரம் எழுதி முத்திரையிடுகிறார், அதைப் பாதுகாக்கும் பொறுப்பைப் பாருக்கிடம் ஒப்படைக்கிறார். வெளிப்பாடு கிடைத்துவிட்டது என்பதற்காக நடைமுறைகள் எதையும் அவர் தாண்டிச் செல்லவில்லை. இன்னொன்றும் உண்டு: அந்த வாக்குக்கான விலையைத் தம் கைப்பணத்திலிருந்தே கொடுத்தார்.

42ஆம் அதிகாரத்தின் காட்சி இதற்கு நேரெதிரானது. தேசாதிபதி கெதலியா கொல்லப்பட்டபின் எஞ்சியிருந்த மக்கள் அஞ்சி, எகிப்துக்குப் போகும் எண்ணத்தோடு நிற்கிறார்கள். எரேமியாவிடம் வந்து, நன்மையானாலும் தீமையானாலும் கடவுளின் சொல்லுக்குக் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறார்கள். உயிர்போகும் அவசரம், ஆயினும் பதில் வரப் பத்து நாள் ஆகிறது. ‘போகவேண்டாம், இங்கேயே தங்குங்கள்’ என்று பதில் வந்தவுடன், ‘நீ பொய் சொல்கிறாய்’ என்கிறார்கள். அவர்கள் தேடியது சித்தத்தை அன்று. ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு ஒப்புதலை. நம் உபவாச ஜெபங்களில் எத்தனை இவ்வகையைச் சேர்ந்தவை என்பதை அவரவரே சொல்லவேண்டும்.

புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். திருமணம் பற்றி எழுதும் 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தில் பவுல் காட்டும் கவனம் எந்த ஆய்வாளரும் பொறாமைப்படத்தக்கது. கணவன் மனைவி பிரியலாகாது என்பதை ஆண்டவரின் கட்டளை என்கிறார். விசுவாசியல்லாத துணையோடு வாழ்வது பற்றிப் பேசும்போது, இதைச் சொல்வது ஆண்டவர் அல்ல, நான் என்று பிரித்துக் காட்டுகிறார். மணமாகாதவர்களைப் பற்றித் தமக்குக் கட்டளை ஏதும் இல்லை என்று ஒத்துக்கொண்டு, கருத்தாகவே தருகிறார். அதிகாரம் முடியும் இடத்தில்கூட, தமக்கும் கடவுளின் ஆவி உண்டென்று எண்ணுவதாகத்தான் எழுதுகிறார். அப்போஸ்தலர் ஒருவர் தம் கூற்றுகளை அவற்றின் மூலம் எது என்று அடையாளமிட்டுப் பிரித்து எழுதும்போது, முதுகலை மாணவர் ஐக்கியத்தின் தலைவர் ஒருவர் எல்லாவற்றையும் ‘கர்த்தர் சொன்னார்’ என்று ஒரே குரலில் சொல்வது வியப்பளிக்கிறது.

எருசலேம் ஆலோசனைச் சங்கம் அந்தியோகியாவுக்கு எழுதிய கடிதமும் (அப்போஸ்தலர் 15) இத்தகையதே. அதில் வரும் ‘எதொக்சென்’ என்ற கிரேக்க வினையின் அடிப்பொருள் ‘தோன்றியது’. கிரேக்க நகர மன்றங்கள் விவாதித்து முடித்தபின் தம் தீர்மானங்களின் தலைப்பில் பொறித்த வினையும் அதுவே. நம் பழைய மொழிபெயர்ப்பு அதை ‘நலமாகக் கண்டது’ என்று அழகாகத் தந்திருக்கிறது. நலமாகக் கண்டது ஆவிக்கும் எங்களுக்கும் என்று இருவரையும் சேர்த்தே குறிப்பிட்டார்கள். அந்த வாக்கியத்துக்கு முன்னால் நீண்ட வாக்குவாதமும், பேதுருவின் அனுபவச் சாட்சியும், பர்னபா பவுல் ஆகியோரின் கள அறிக்கையும், யாக்கோபின் வேத விளக்கமும் நடந்து முடிந்திருந்தன. ஆவியின் நடத்துதல் அந்த விவாதத்தைத் தவிர்த்து வரவில்லை; அதன் வழியாகவே வந்தது.

அதே மொழிபெயர்ப்பு ரோமர் 12இலும் எபிரெயர் 5இலும் ‘பகுத்தறிய’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. 1925இல் சுயமரியாதை இயக்கம் தோன்றியபின் ‘பகுத்தறிவு’ தமிழில் நாத்திகத்தின் சொல்லாகவே பதிந்துவிட்டது. கிறித்தவர்களும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். உண்மையில் அது நம் வேதாகமத்தின் சொல்லும்கூட. ரோமர் 12இல் அதற்கு மூலமான கிரேக்க வினை உலோகத்தின் தரம் சோதிப்பதைக் குறிக்கவும் பயன்பட்டது. எபிரெயரோ பயிற்சியால் கூர்மையடைந்த புலன்களைப் பற்றிப் பேசுகிறது. பகுத்தறிதல் திடீரென்று வந்திறங்கும் அனுபவம் என்பதைவிட, நாளடைவில் கைவரும் தேர்ச்சி என்பதே அங்குள்ள பொருள். கத்தோலிக்கத் தமிழில் இதைத் ‘தேர்ந்து தெளிதல்’ என்கிறார்கள். குறளின் 51ஆம் அதிகாரத் தலைப்பான ‘தெரிந்து தெளிதல்’ உடனே நினைவுக்கு வருகிறது. ஆராய்ச்சி முன்னும் தெளிவு பின்னுமாக வரும் இந்த வரிசையை நாம் மாற்றிவிட்டோம்: முதலில் தெளிந்துவிடுகிறோம், பிறகு காரணம் தேடுகிறோம்.

இந்தத் தேர்ச்சி ஒரு வாழ்வில் வளர்ந்த விதத்துக்கு லொயோலா இஞ்ஞாசியார் நல்ல எடுத்துக்காட்டு. 1522இல் மொன்செராத்துக்குப் போகும் வழியில், அன்னை மரியாவின் கன்னிமை பற்றித் தம்மோடு வாதிட்டுவிட்டு முன்னே சென்ற ஓர் இஸ்லாமியப் பயணியைத் தொடர்ந்துசென்று குத்துவதா வேண்டாமா என்று அவர் தடுமாறினார். முடிவெடுக்க இயலாமல், பாதை பிரியும் இடத்தில் கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்தி, அது போகும் வழியை வைத்து முடிவுசெய்யத் துணிந்தார். கழுதை வேறு வழியில் போனது. ஓர் உயிர் தப்பியது. இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றுக்காக அவரே சொல்லிவைத்தார். 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் கழுதைக்கு இடமில்லை. மனம் வறண்டு சோர்ந்திருக்கும் வேளையில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே என்கிறது அந்நூல். முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் அவருக்கு என்ன அறிவுரை சொல்வாயோ அதை நீயே பின்பற்று என்கிறது. சாகும் தறுவாயில் இந்த முடிவை எப்படி எடுத்திருக்க விரும்புவாய் என்று கேட்கிறது. அடையாளம் கேட்டவர், தம் விருப்பங்களையே விசாரிக்கக் கற்றுக்கொண்டார்.

‘உள்ளத்தில் சமாதானம் இருக்கிறதே, அது போதாதா?’ என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கடவுளின் அழைப்புக்கு எதிர்த்திசையில் கப்பலேறிய யோனா அயர்ந்து தூங்கினார். தந்தையின் சித்தத்தின் நடுவிலேயே நின்ற இயேசு கெத்செமனேயில் வியாகுலப்பட்டார். சமாதானம் ஒரு சான்று. அதுவே தீர்ப்பு ஆகாது. ‘அப்படியானால் விசுவாசம் வெறும் கணக்காகிவிடாதா?’ என்பது அடுத்த கேள்வி. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தின் இறுதியில், ஆவியை அவிக்காதீர்கள் என்பதும் எல்லாவற்றையும் சோதியுங்கள் என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. முதலாவதை மட்டும் பற்றினால் மூடத்தனம் வளரும். இரண்டாவதை மட்டும் பற்றினால் செவி அடைபடும்.

இதில் அதிகாரத்தின் கேள்வியும் இருக்கிறது. என்னைப் பெரிதும் கவலைப்படுத்துவது அதுதான். ‘நீதான் என் மனைவி என்று கர்த்தர் எனக்குக் காட்டினார்’ என்று ஒரு மூத்த மாணவர் இளைய மாணவியிடம் சொல்லும்போது, அவள் மறுப்பது அவரையா, கர்த்தரையா? ‘ஆய்வை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வரும்படி உன்னைக் குறித்துத் தரிசனம் கண்டேன்’ என்று போதகர் சொன்னால், ஐந்தாண்டு உழைப்பை இழப்பது யார்? ஆனதோத்தில் வாக்கைக் கேட்டவரே வெள்ளியையும் நிறுத்துக் கொடுத்தார். இங்கே கேட்டதாகச் சொல்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர். இந்த வேறுபாடு தென்படும் இடத்தில் எவ்வளவு பக்தியான மொழியானாலும் நின்று விசாரிக்கவேண்டும். அவ்விசாரணை அவிசுவாசம் ஆகாது. தீர்க்கதரிசனம் உரைக்கப்படும்போது மற்றவர்கள் அதை நிதானிக்கவேண்டும் என்பது கொரிந்து சபைக்குப் பவுல் வகுத்த ஒழுங்கு.

முழுத் தெளிவு கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1939 ஜூனில் டீட்ரிச் போன்ஹோஃபர் நியூயார்க்கில் பாதுகாப்பாக இருந்தார். சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்ப முடிவெடுத்தார். ஹெர்ன்ஹூட் சபையார் வெளியிடும் அன்றாட வசனங்கள் அந்நாட்களில் அவரை ஆழமாகத் தொட்டன. நம் வாக்குத்தத்த அட்டைக்கு அவ்வசன நூலை மூத்த உறவு எனலாம். ஆயினும் தம் முடிவுகளின் உள்நோக்கம் தமக்கே முழுமையாகத் தெளிவாவதில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். கடவுளின் முத்திரையைத் தம் முடிவின்மேல் குத்திக்கொள்ளாமல், அதைக் கடவுளின் நியாயத்தீர்ப்புக்கும் இரக்கத்துக்கும் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். தன் காரணங்களைப் பற்றி அடக்கமாகவும் தன் செயலில் உறுதியாகவும் ஒருவர் இருக்கமுடியும் என்பதற்கு அவர் சாட்சி.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. அடுத்தமுறை ஒரு பெரிய முடிவை நண்பர்களிடம் அறிவிக்கும்போது, ‘கர்த்தர் சொன்னார்’ என்பதற்கு முன் இன்னும் இரண்டு வாக்கியங்களைச் சொல்லுங்கள்: எதை வாசித்தேன், யாரிடம் கலந்தேன், எதற்கு அஞ்சுகிறேன், எதை விரும்புகிறேன், எத்தனை நாள் காத்திருந்தேன். கேட்பவர்களும் பதறாமல் கேளுங்கள். அவ்வளவையும் சொன்னபின்னும் ‘இது ஆவிக்கும் எனக்கும் நலமாகக் காண்கிறது’ என்று உங்களால் சொல்லமுடிந்தால், மனமாரச் சொல்லுங்கள். அப்போது நாங்களும் உங்களோடு சேர்ந்து ஆமென் சொல்லமுடியும்.