பெயர் பரந்தனில், பெயர்ப்பலகை கொழும்பில்

ஏ-9 வீதியில் கிளிநொச்சி நகருக்கு வடக்கே, முல்லைத்தீவு வீதி பிரிந்து செல்லும் சந்தி பரந்தன். 1950களில் இங்கே எழுந்த இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்டு எரிசோடாவையும் குளோரினையும் உற்பத்தி செய்தது. உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தெடுக்கும் தொழில் அது. சவர்க்காரம் செய்வோருக்கும் காகிதம் செய்வோருக்கும் எரிசோடா வேண்டும். நாட்டின் குடிநீரைத் தொற்றுநீக்கக் குளோரின் வேண்டும். காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் காகிதம், பரந்தன் இரசாயனம் ஆகிய மூன்றையும் அமரர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தோடு சேர்த்து நினைவுகூருவது தமிழ் மக்களின் வழக்கம்.

1980களின் நடுப்பகுதியில் போர்ச் சூழல் காரணமாக அத்தொழிற்சாலை நின்றுபோனது. பின்னர் யுத்தம் கட்டடங்களையும் இயந்திரங்களையும் உருத்தெரியாமல் ஆக்கியது. ஆனால், நிறுவனம் சாகவில்லை என்பதைப் பலர் அறியமாட்டார்கள். கூட்டுத்தாபனமாக இருந்தது கம்பனியாக மாற்றப்பட்டு, பரந்தனின் பெயரையே தாங்கிக் கொழும்பிலிருந்து தொடர்ந்து இயங்கியது. வெளிநாட்டிலிருந்து குளோரினை இறக்குமதி செய்து தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு விற்பதே அதன் பிரதான தொழிலாக இருந்துவந்தது. ஒரு காலத்தில் தானே உற்பத்தி செய்த பொருளை வாங்கி விற்கும் முகவராக அது மாறியது. காரியாலயம் இருந்தது, கணக்காளர்கள் இருந்தார்கள், பணிப்பாளர் சபை கூடியது, வருமானமும் வந்தது. பரந்தனுக்கு எஞ்சியவை துருப்பிடித்த இரும்பும் கள்ளி முளைத்த சுவர்களுமே.

ஒரு நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி வெறும் முகவரிப் பிரச்சினை அல்ல என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணத்தை நாம் வெளிநாடுகளில் தேடவேண்டியதில்லை. ஆயினும் ஒப்பீட்டுக்காக ஒன்றைக் கூறலாம். அமெரிக்காவின் போயிங் விமான நிறுவனம் 2001 ஆம் ஆண்டு தனது தலைமையகத்தைச் சியாட்டிலிலிருந்து சிக்காகோவுக்கு மாற்றியது. புதிய தலைமையகத்துக்கு வரவிருந்தவர்கள் சுமார் 500 பேர்தான். அந்த 500 பேருக்காகச் சிக்காகோ நகரமும் அம்மாநிலமும் 6 கோடி டொலருக்கும் மேற்பட்ட சலுகைகளை வழங்க முன்வந்தன. சியாட்டில் பகுதியிலோ பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்களைக் கொண்ட தொழிற்சாலைகள் அப்படியே இருந்தன. எனவே நகரம் வீழ்ந்துவிடவில்லை. ஆனால், 737 மெக்ஸ் ரக விமானங்கள் இரண்டு 2018 இலும் 2019 இலும் விழுந்து 346 பேர் உயிரிழந்தபோது, முடிவெடுப்போர் விமானம் செய்யும் பொறியியலாளர்களை விட்டு வெகுதூரம் போய்விட்டதே காரணங்களில் ஒன்று என விமர்சகர்கள் எடுத்துக்காட்டினர். 2022 இல் அதே நிறுவனம் சிக்காகோவையும் விட்டு, அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சுக்கு அண்மையிலுள்ள ஆர்லிங்டனுக்குத் தலைமையகத்தை மாற்றுவதாக அறிவித்தது. சலுகை கொடுத்து வாங்கிய தலைமையகம் சலுகைக் காலம் முடிந்ததும் நடையைக் கட்டும் என்பதைச் சிக்காகோ கற்றுக்கொண்டது.

சியாட்டிலில் தலை போனது, உடல் நின்றது. பரந்தனில் உடல் அழிந்தது, தலை மட்டும் வேறோரிடத்தில் வாழ்ந்தது. பின்னதே கொடியது என்று நாம் கருதுகிறோம். உற்பத்தி இல்லாமலே ஒரு நிறுவனம் வாழமுடியும் என்றால், உற்பத்தியை மீளத் தொடங்கவேண்டிய அவசரம் யாருக்கு இருக்கப்போகிறது? யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. அதன்பின்னர் பரந்தன் தொழிற்சாலை மீளத் திறக்கப்படும் என்ற அறிவிப்பை அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் எல்லாமே வெளியிட்டன. அறிவிப்புகள் உற்பத்தியாகிய அளவுக்குக் குளோரின் உற்பத்தியாகவில்லை.

அலுவலகங்கள் வருவதாலும் போவதாலும் ஒரு ஊர் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதை வன்னி அளவுக்கு அனுபவித்த பிரதேசம் இந்நாட்டில் வேறில்லை எனலாம். இரணைமடுக் குளத்தையும் அதன் கீழ் அமைந்த குடியேற்றத் திட்டங்களையும் நம்பி வளர்ந்த விவசாயச் சந்தை நகரமே கிளிநொச்சி. 1984 இல் தனி மாவட்டமானபோது கச்சேரி வந்தது, திணைக்களங்கள் வந்தன. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் அந்நகரம் விடுதலைப் புலிகளின் நிருவாக மையமாயிற்று. சமாதானச் செயலகம், நீதிமன்றங்கள், காவல்துறைத் தலைமையகம், தமிழீழ வைப்பகம் என அலுவலகங்கள் பெருகின. ஐ.நா. முகவர் நிலையங்களும் சர்வதேச தொண்டர் அமைப்புகளும் வந்தன. வெளிநாட்டுத் தூதுவர்கள் வந்துபோயினர். விருந்தினர் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் தொலைத்தொடர்பு நிலையமும் முளைத்தன. அந்தச் செழிப்பில் ஒரு பகுதி ஏ-9 வீதியில் சாமான்களுக்கு அறவிடப்பட்ட வரியிலிருந்தும் வந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. அந்த வரியின் சுமையை வடக்கின் நுகர்வோரே சுமந்தனர்.

2008 செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதமளிக்க முடியாது எனக் கூறி, ஐ.நா. மற்றும் தொண்டர் அமைப்புகளின் பணியாளர்களை வன்னியிலிருந்து வெளியேறுமாறு அரசாங்கம் பணித்தது. அம்மாத நடுப்பகுதியில் அவர்களின் வாகனங்கள் வவுனியாவை நோக்கிப் புறப்பட்டன. போகவேண்டாம் என்று மக்கள் ஐ.நா. அலுவலக வாசலில் நின்று மன்றாடியதை உலகம் பார்த்தது. மன்றாடியவர்கள் சம்பளத்துக்காகவோ வாடகைக்காகவோ மன்றாடவில்லை. தம்மைப் பார்ப்பதற்கு ஒரு கண் இருக்கவேண்டும் என்பதற்காகவே மன்றாடினர். பொருளாதார இழப்பை அந்தத் துயரத்தோடு ஒரே தராசில் வைப்பது தகாது. எனினும் அந்த வாகனத் தொடரோடு கிளிநொச்சியின் சந்தையும் எழுந்து போய்விட்டது என்பது உண்மை. 2009 ஜனவரி 2 ஆம் திகதி இராணுவம் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. வீழ்த்தப்பட்ட நீர்த்தாங்கி பின்னர் தெற்கிலிருந்து வந்த உல்லாசப் பயணிகள் படம்பிடிக்கும் காட்சிப் பொருளாயிற்று.

கிளிநொச்சி இழந்ததை வவுனியா பெற்றது. இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் அம்மாவட்டத்து முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், அமைப்புகளின் அலுவலகங்கள் வவுனியாவில் குவிந்தன. வீடுகளுக்கும் வாகனங்களுக்கும் வாடகை ஏறியது. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது அந்தப் பொருளாதாரமும் சுருட்டப்பட்டது. முகாம் வேலியை நம்பி ஒரு நகரம் வளரவேண்டும் என்று யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால், அக்காலத்தில் கடன்பட்டு மேல்மாடி கட்டியவர்களின் நிலை வேறு.

இவ்விடத்தில் இன்னோர் இடப்பெயர்வையும் நாம் பேசாமல் விடமுடியாது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முள்ளியவளை, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆகிய இடங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் அவர்களுள் அடங்குவர். அது துப்பாக்கி முனையில் நடந்த அநீதி. கம்பனிகள் விரும்பிச் செய்யும் இடமாற்றத்தோடு அதை ஒப்பிட நாம் முனையவில்லை. ஆனால், ஊரின் பொருளாதாரம் பற்றிய பாடமொன்று அதிலும் உண்டு. ஊரிலேயே குடியிருக்கும் வியாபாரியின் கடைதான் அந்த ஊரின் உண்மையான தலைமையகம். அவரிடம் ஒரு கடன் கொப்பி இருந்தது. அறுவடை முடியத் தருகிறேன் என்று சொல்லி விதைநெல்லுக்கும் பசளைக்கும் பிள்ளையின் கலியாணத்துக்கும் வாங்கிச் சென்ற தமிழ் விவசாயியின் பெயர் அதில் இருந்தது. எந்த வயல் யாருடையது, எந்த வருடம் மழை பொய்த்தது, யார் சொன்ன வாக்கைக் காப்பாற்றுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரைத் துரத்தியபோது அந்தக் கொப்பியும் போனது. புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் தொடங்கி, அவர்கள் தமது உழைப்பை அந்த மாவட்டத்தின் சந்தைக்குக் கொடுத்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மீள்குடியேற்றம் காணிப் பிணக்குகளுக்குள் சிக்கி முழுமையடையாமல் இருப்பது, அவர்களுக்கு மட்டுமன்றி முல்லைத்தீவுக்கும் இழப்பாகும்.

அந்த வெற்றிடத்தை யார் நிரப்பினர் என்று பார்த்தால் கவலையே மிஞ்சுகிறது. யுத்தம் முடிந்த கையோடு வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் ஏ-9 வீதியின் இருமருங்கிலும் கிளைகளைத் திறந்தன. கிளை முகாமையாளருக்குக் கடன் கொடுக்கும் இலக்கும் அறவிடும் இலக்கும் கொழும்பிலிருந்து வந்தன. மழை பொய்த்ததைத் தலைமையகம் அறியாது. வாரத் தவணையைக் கட்டமுடியாத பெண்களின் அவலம் நாடறிந்த விடயமாகி, 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வரவேண்டியதாயிற்று.

ஆடைத் தொழிற்சாலைகளின் கதை இதைவிடச் சற்று நல்லது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அவற்றில் வேலை செய்கின்றனர். சம்பளம் ஊருக்குள் வருகிறது. அதைக் குறைத்து மதிப்பிட நாம் தயாரில்லை. ஆனால், துணி வாங்குவதும், வடிவமைப்பதும், கணக்கெழுதுவதும், விற்பதும் வேறிடத்தில் நடக்கும்போது, தைக்கும் கை மட்டுமே வன்னியினதாகிறது. அக்கையின் உரிமையாளர் பத்து வருடங்களின் பின் என்னவாக உயரலாம் என்ற கேள்விக்கு அந்தக் கட்டடத்துக்குள் விடை இல்லை.

வட மாகாண நிருவாகத் தலைமையகத்தை மாங்குளத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்ற யோசனையும் இதே விவாதத்தின் இன்னொரு முகம்தான். வடக்கு - கிழக்கு இணைப்பை உயர் நீதிமன்றம் 2006 ஒக்டோபரில் செல்லுபடியற்றதாக்கிய பின்னர், திருகோணமலையிலிருந்த வடக்கின் அலுவலகங்கள் காலப்போக்கில் யாழ்ப்பாணத்துக்குச் சென்றன. 2013 இல் தெரிவான மாகாண சபை கைதடியில் கூடியது. ஐந்து மாவட்டங்களுக்கும் ஏறத்தாழ நடுவே, ஏ-9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் மாங்குளம் பேச்சளவில் நின்றது. 2018 ஒக்டோபரில் சபையின் ஆயுள் முடிந்து, ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி ஆளுநர் நிருவாகம் நீண்டபோது அதைக் கேட்பாரும் இல்லாமற் போயினர்.

மாங்குளத்தில் கட்டடங்களை எழுப்பிவிட்டால் நகரம் உருவாகிவிடும் என்றும் நாம் நம்பவில்லை. கிளிநொச்சியின் அரச அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் பணிபுரிவோரில் பலர் காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து மாலையில் திரும்புகின்றனர். வெள்ளிக்கிழமை பின்னேரம் வடக்கு நோக்கிச் செல்லும் பஸ்களைப் பார்த்தாலே போதும். அலுவலகம் இங்கே, சமையல் அங்கே என்றால், வன்னிக் கடைக்காரருக்குக் கிடைப்பது ஒரு தேநீரும் ஒரு வடையும் விற்ற காசுதான். பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலையும் வருத்தத்துக்கு நல்ல வைத்தியசாலையும் இல்லாத இடத்தில் உத்தியோகத்தர் குடும்பத்தோடு குடியேறமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. இதற்கு மாறாக, யுத்தத்தின் பின் யாழ்ப்பாணத்திலிருந்து அறிவியல் நகருக்குத் திரும்பிய விவசாய பீடமும், அங்கேயே தொடங்கிய பொறியியல் பீடமும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா வளாகமும் சூழவுள்ள கிராமங்களுக்குப் பயனளித்துள்ளன. காரணம் எளிது. மாணவர் அங்கேயே தங்குகின்றனர், அங்கேயே உண்கின்றனர்.

2025 இல் அரசாங்கம் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்று இடங்களில் கைத்தொழில் வலயங்களை அமைக்கப்போவதாக அறிவித்தது. பரந்தன் தொழிற்சாலையும் மீண்டும் பேசுபொருளாகியிருக்கிறது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால், அதே ஆண்டு மார்ச் மாதம் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது நடந்ததையும் மறந்துவிடக்கூடாது. தமிழ்ப் பிரதேசத்தில் தமிழ்த் தொழிலாளர் விளைவித்த உப்பு ‘ரஜ லுணு’ என்ற சிங்களப் பெயரோடு சந்தைக்கு வந்தது. வடக்கில் ஆட்சேபம் கிளம்பியது. இதில் இனத்துவேஷம் இருந்ததா இல்லையா என்ற வாதத்துக்குள் நாம் இறங்கவில்லை. ஆனையிறவு என்ற பெயர் தமிழ் மக்களின் காதில் எப்படி ஒலிக்கும் என்பதை அறிந்த ஒருவர் அந்த முடிவை எடுத்த மேசையில் இருந்திருந்தால் அப்பெயரே வந்திராது. மேசை வேறெங்கோ இருந்தது என்பதே நமது முறைப்பாடு.

எனவே பரந்தன் விடயத்தில் நாம் கேட்பது சிறியது, ஆனால் தெளிவானது. மீளக் கட்டியெழுப்பப்படும் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் எங்கே இருக்கும்? கொள்வனவுப் பிரிவும் கணக்குப் பிரிவும் ஆய்வுகூடமும் எங்கே இருக்கும்? பணிப்பாளர் சபையில் கிளிநொச்சி மாவட்டத்தவர் எத்தனை பேர்? அறிவியல் நகரில் பட்டம் பெற்று வெளியேறும் பொறியியலாளர் அதில் சேரலாமா, அல்லது அவரும் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ பஸ் ஏறவேண்டுமா? கரைச்சிப் பிரதேச சபைக்கு அத்தொழிற்சாலையால் ஆண்டுக்கு என்ன வருமானம் வரும்? குளோரின் அபாயமான வாயு. விபத்து ஏற்பட்டால் மூச்சுத் திணறப்போவது பரந்தன் மக்களே. ஆகையால் முடிவெடுப்போரும் அதே காற்றைச் சுவாசிக்கும் தூரத்தில் இருப்பது பாதுகாப்புக்கும் உகந்தது. இக்கேள்விகளுக்கான பதிலை, முதலாவது கொள்கலன் குளோரின் வெளிவருவதற்கு முன்னரே, கைத்தொழில் அமைச்சு எழுத்தில் தரவேண்டும்.