பாதையின் ஆயுள் கல்லில் இல்லை

வீட்டைப் புதுப்பிக்கக் கடன் கோருவோர் அளிக்கும் மதிப்பீடுகளில் தோட்டப் பாதைக்குப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: இத்தனை சதுர அடிக் கல், இவ்வளவு தொகை. கல்லின் அடியில் என்ன இடப்படும் என்பது எழுதப்படுவதில்லை. பாதையின் ஆயுளைத் தீர்மானிப்பது எழுதப்படாத அந்தப் பகுதியே என்பது என் கருத்து.

நம் நாட்டில் நல்ல கல்லுக்குக் குறைவில்லை. ராஜஸ்தானின் கோட்டா, கர்நாடகத்தின் ஷாஹாபாத், ஆந்திரத்தின் கடப்பா ஆகிய ஊர்களின் பெயராலேயே சுண்ணாம்புக் கற்கள் விற்பனையாகின்றன. கருங்கல்லும் தாராளமாகக் கிடைக்கிறது. இவை உடைவதற்குப் பெரும்பாலும் அடிமண்ணின் அசைவே காரணம். தக்காணத்தின் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மீது நேரடியாகச் சிமெண்ட் கலவை பரப்பிப் பதித்த கல் எத்தனை உயர்ந்ததாயினும் பிளவுபடும்.

ஆகவே, முதலில் 7 அங்குலமேனும் தோண்டுதல் வேண்டும். கரிசல் மண்ணாயின் இன்னும் ஆழமாக. அதில் 4 அங்குல உயரத்துக்கு ஜல்லியை இரண்டு அடுக்காக இட்டு, ஒவ்வொரு அடுக்கையும் நன்கு இடித்து இறுக்க வேண்டும். மேலே ஓர் அங்குல மணல். அதன்மேல் 2 அங்குலக் கனமுள்ள, மெருகிடாத கல். மெருகிட்ட கல் மழை நாளில் முதியோரை வழுக்கி வீழ்த்தும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சாய்வு வீட்டுக்கு எதிர்ப்புறமாக அமைய வேண்டும். இரு ஓரங்களிலும் ஓரக்கல் பதித்தால் மணல் நழுவாது.

சிமெண்ட் இல்லாத பாதை உறுதியற்றது என்பாரும் உளர். மணலில் பதித்த கல் சிறிது தாழ்ந்தால், அதைப் பெயர்த்து மணலிட்டு மீண்டும் பதிக்கலாம். அடியில் குடிநீர்க் குழாய் பழுதானாலும் பாதையை உடைக்க வேண்டியதில்லை. இடைவெளிகளின் வழியே மழைநீரும் மண்ணில் இறங்கும். எளிதில் பழுதுபார்க்க முடிவதும் உறுதியின் ஒரு பகுதியே.

வாடிக்கையாளர்களுக்கு என் யோசனை இதுவே: மதிப்பீட்டில் தோண்டுதல், ஜல்லி, மணல், கல் ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாகக் கேளுங்கள். இறுகிய ஜல்லியை நேரில் பார்த்த பின்னரே கல்லுக்கான தவணையை வழங்குங்கள். கல்லைப் பரப்பிய பிறகு அடித்தளத்தைச் சோதிக்க வழியில்லை. தொகை போதவில்லையெனில் பாதையின் அகலத்தையோ கல்லின் விலையையோ குறையுங்கள். ஜல்லியின் உயரத்தைக் குறைக்க வேண்டாம்.