ஒரு பட்டனில் போகலாமா பையனின் ரகசியம்?

பையன் போதையில் விழுந்துவிட்டான் என்று தெரிந்ததும் ஒரு வாப்பா என்ன செய்கிறார்? உள்ளூர் டாக்டரிடம் போகமாட்டார். நாலு ஊர் தாண்டி, முகம் தெரியாத ஆஸ்பத்திரியாகப் பார்த்துக் கூட்டிப் போவார். கடையில் கேட்டால் சரக்கு எடுக்கப் போனேன் என்பார். நாளைக்கு அவனுக்குப் பெண் பார்க்க வேண்டுமே!

அந்த நாலு ஊர் தூரம் இனி இல்லை. 2021ல் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் 14 இலக்க 'ஆபா' எண் தருகிறார்கள். ஓர் ஆஸ்பத்திரியின் சீட்டை இன்னோர் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் பார்க்கலாம். நோயாளி சம்மதித்தால் மட்டும். கெட்ட ஏற்பாடு என்று சொல்லமாட்டோம். போதையிலிருந்து மீள நால்ட்ரெக்ஸோன் சாப்பிடுகிறவர் விபத்தில் சிக்கினால் மார்ஃபின் வகை வலி மருந்து அவருக்கு வழக்கம்போல வேலை செய்யாது. டாக்டருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும்.

ஆனால் அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது? எந்த ஆஸ்பத்திரியின் குறிப்பு, எந்தத் தேதி வரை, மருந்துச் சீட்டா, பரிசோதனை முடிவா என்று பிரித்துக் கேட்கிறது மொபைல். போதைச் சிகிச்சைக்கென்று தனிக் கட்டம் கிடையாது! காய்ச்சல் மாத்திரையும் புப்ரெனார்ஃபினும் ஒரே 'மருந்துச் சீட்டு'தான். மருந்தின் பெயரே முழுக் கதையையும் சொல்லிவிடாதா? பிறகு சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறார்கள். பார்த்தவர் கண்ணிலிருந்து எப்படித் திரும்பப் பெறுவது?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் சேர்த்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருக்கும் குறிப்புக்கும் ரகசியக் காப்பு உண்டு என்கிறது. கூடவே 'பொதுப் பாதுகாப்பு' என்றொரு விதிவிலக்கு. அந்தச் சொல் எவ்வளவு தூரம் நீளும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சம்மதம் கொடுப்பது போலவே திரும்பப் பெறுவதும் சுலபமாக இருக்கவேண்டும் என்று அழகாகச் சொல்லிவிட்டு, அந்தரங்கமான தகவல் என்று தனி வகை எதையும் வைக்கவில்லை. செருப்புக் கடை பில்லும் போதைச் சிகிச்சைக் குறிப்பும் ஒரே தட்டில்! அதன் பிரிவுகளும் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகின்றன.

அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்திலேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டார்கள். காரணம் எளிது: போலீசுக்குப் போகும் என்று பயந்தால் ஒருவனும் சிகிச்சைக்கு வரமாட்டான். 2024ல் விதியைத் திருத்தி, சிகிச்சைக்கும் கட்டணத்துக்கும் இனி வரப்போகும் எல்லாப் பகிர்வுக்கும் ஒரே சம்மதம் போதும் என்று தளர்த்தினார்கள். அப்போதும் ஒன்றை விடவில்லை. நோயாளியின் சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் அந்தக் குறிப்பை அவருக்கு எதிரான வழக்கில் பயன்படுத்தக் கூடாது. அந்தச் சம்மதத்தையும் மற்றதோடு சேர்த்து வாங்கக் கூடாது.

நம் நாட்டில்? 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதை உட்கொண்டதாகவோ சிறு அளவு வைத்திருந்ததாகவோ வழக்குள்ளவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையை முடிக்காவிட்டால் விலக்கைப் பறிக்கலாம். சிகிச்சைக்கு வந்தேன் என்ற குறிப்பே, போதை உட்கொண்டேன் என்ற குறிப்பும் ஆகிறது. அதை யார் திறக்கலாம் என்பது இங்கே சின்ன விஷயமா?

போதைச் சிகிச்சைக் குறிப்புக்குத் தனிக் கட்டம் வேண்டும். அதற்குத் தனிச் சம்மதம், தமிழில் படித்துக்காட்டி வாங்கவேண்டும். போலீசுக்கும் இன்ஷூரன்சுக்கும் அதில் கதவு இருக்கக் கூடாது. அதுவரை இளைஞர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆபா எண் கட்டாயமில்லை, அது இல்லை என்பதற்காகச் சிகிச்சைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். எண் இருந்தால், சம்மதம் கேட்டு வரும்போது எந்த ஆஸ்பத்திரிகள் டிக் ஆகியிருக்கின்றன என்று பார்த்து, வேண்டாததை எடுத்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள். கவுன்டரில் இருப்பவர் 'ஓடிபி சொல்லுங்க பாய், கூட்டம் நிக்குது' என்று அவசரப்படுத்துவார். நிற்கட்டும்.